ஜியோமெட்ரியும் நைல் நதியும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஜியாலஜி முதலாண்டு மாணவி. ‘ஜியோ’ என்பது கிரேக்கரின் பூமித்தாய் கையா; ஜியாலஜி, ஜியாகிரபி, ஜியோமெட்ரி மூன்றும் அவள் பெயரால் கிரேக்கர் உண்டாக்கிய படிப்புகள் என்று வகுப்பில் சொன்னார்கள். சரிதானா?

ம.

அன்புள்ள ம.,

பாதி சரி. கிரேக்கர் மண்ணுக்கும் நிலத்துக்கும் அன்றாடம் சொன்ன சொல் ‘கே’. கையா அதன் செய்யுள் வடிவம். உழவனுக்கு ‘கெயோர்கோஸ்’ என்று பெயர்: மண்ணில் பாடுபடுகிறவன். (ஜார்ஜ் என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான்.) ஆகவே தெய்வத்தை விட்டுவிட்டு வயலைப் பாருங்கள்.

ஜியோமெட்ரி என்றால் நில அளவைதான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்தில் கேட்டதை எழுதுகிறார். செசோஸ்ட்ரிஸ் மன்னன் குடிகளுக்குச் சமமான சதுர நிலங்களைப் பிரித்துக் கொடுத்து ஆண்டுதோறும் வரி வாங்கினான். ஒருவருடைய நிலத்தை நைல் அரித்துக்கொண்டு போனால் அவர் மன்னனிடம் முறையிடுவார். ஆட்கள் வந்து அளந்து, போன நிலத்துக்கான வரியைக் கழிப்பார்கள். இந்தக் கலைதான் பிறகு கிரேக்கத்துக்கு வந்தது என்பது அவர் எண்ணம். கதை எவ்வளவு மெய்யோ, பெயர் எங்களுடையது, சரக்கு எகிப்துடையது என்று ஒரு கிரேக்கரே சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு ஜியோமெட்ரி வயலை விட்டுக் கோட்டுக்கும் வட்டத்துக்கும் போய்விட்டது. பிளேட்டோவின் பெயரில் வழங்கும் ‘எபினோமிஸ்’ என்ற நூல் இந்தப் பெயரே கேலிக்குரியது என்கிறது. நிலத்தோடு தங்கிய சொல் ‘கெயோடைசியா’, அதாவது நிலத்தைப் பங்கிடுதல். பூமியின் வடிவையும் அளவையும் அளக்கும் இன்றைய ஜியோடெசி அதன் பெயரைத்தான் கொண்டிருக்கிறது.

ஜியாகிரபியை நூலின் பெயராக்கியவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியா நூலகத் தலைவராக இருந்த எரட்டோஸ்தனிஸ். ‘கிராபெயின்’ என்பது எழுதுவதையும் குறிக்கும், வரைவதையும் குறிக்கும். நிழலின் கோணத்தைக் கொண்டு பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா (கிரேக்கரின் தூர அளவு) என்று கணக்கிட்டவரும் இவரே.

உங்கள் ஜியாலஜிதான் கடைக்குட்டி. சொல்லின் துண்டுகள் மட்டுமே கிரேக்கம். 14ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் டி பரி என்ற ஆங்கிலேய ஆயர் லத்தீனில் இந்தச் சொல்லை எழுதியபோது சட்டப்படிப்பைக் குறித்தார்: இறையியல் விண்ணுக்கு, சட்டம் மண்ணுக்கு. அன்று சேர்ந்திருந்தால் நீங்கள் வக்கீலாகியிருப்பீர்கள்! 1603இல் இத்தாலியின் போலோஞா நகர இயற்கை ஆய்வாளர் அல்ட்ரோவாண்டி தன் உயிலில், தோண்டியெடுத்த கல், புதைபடிவங்கள் பற்றிய அறிவுக்கு இந்தப் பெயரை வைத்தார். அது நிலைபெற்றது 1778-79இல் டெலுக், சொசூர் என்ற இயற்கை ஆய்வாளர்கள் கையாண்ட பிறகு. இருவரும் ஜெனிவாக்காரர்கள், ஆல்ப்ஸ் மலையில் ஏறி இறங்கியவர்கள்.