ஊர்ப் பழைய கடதாசிகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1890களில் எழுதிய காணி உறுதி உக்கிப்போகிறது. லமினேட் செய்யலாமா? (நிலாவெளி)

வேண்டாம். உருகிய பிளாஸ்டிக் கடதாசியோடு ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது. செலோடேப்பும் கூடாது. முதலில் படம் எடுங்கள். அப்புறம் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். பதிந்த உறுதி என்றால் காணிப் பதிவகத்திலும் பிரதி கேட்கலாம்.

கேள்வி: 1871 குடிசன மதிப்பீட்டில் பூட்டனாரின் பெயர் இருக்குமா? (மூதூர்)

இருக்காது. அச்சான அறிக்கையில் தலைக்கணக்கு மட்டும்தான்.

கேள்வி: அப்பப்பாவின் பிறப்புப் பதிவை எங்கே தேடலாம்? (ஊர் எழுதவில்லை)

எந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று எழுதாமல் கேட்டால் நான் எந்தப் பதிவாளரைக் கைகாட்டுவது? அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய சேர்வு இடாப்பையாவது பாருங்கள். பெரும்பாலும் பிறந்த திகதியும் தகப்பன் பெயரும் அதில் இருக்கும்.

கேள்வி: ஊர் மலர் போடுகிறோம். கோணேசர் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் காலத்துச் சான்று தர முடியுமா? (சம்பூர்)

இந்த மாதம் இதே கேள்வியோடு நாலைந்து கடிதங்கள். அவர் கதையைச் சொல்லும் கோணேசர் கல்வெட்டு பெயரில்தான் கல்வெட்டு, அது ஓர் இலக்கிய நூல். திருகோணமலை பிரெடரிக் கோட்டை வாசலில் மீன் பொறித்த கல்லைப் பற்றியும் அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். ஒல்லாந்தர் காலம் வேண்டுமானால், 1786இல் திருகோணமலையின் ஒல்லாந்த ஆளுநர் வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம் பக்கம் சுற்றி எழுதிய நாட்குறிப்பை வாசியுங்கள். ஊர் ஊராகப் பார்த்து எழுதியிருக்கிறார்.

சரி, போர் நடந்த 1990க்கு உங்கள் ஊரில் யார் சான்று வைத்திருக்கிறார்கள்? திருகோணமலையில் 1981இல் முழுக் குடிசனக் கணக்கெடுப்பு நடந்தது. 1991இல் நடக்கவேயில்லை, 2001இல் முழுமையாக நடக்கவில்லை. அடுத்தது 2012. முப்பது வருடம் வெறுமை! அந்த முப்பது வருடத்தில்தான் நாம் ஓடினோம், முகாமில் இருந்தோம், திரும்பி வந்தோம். அந்தக் காலத்துச் சாட்சி நிவாரண அட்டையும், முகாம் பட்டியலும், மீனவர் சங்கக் கூட்டப் புத்தகமும், கோயில், பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகளும்தான். அவற்றைத்தான் வீடு வெள்ளையடிக்கும்போது எரிக்கிறோம். ஒரு கோயில் திருப்பணியில் இரண்டு சாக்குக் கணக்குக் கொப்பிகள் எரிந்தன. நான் போய்ச் சேர்ந்தது மறுநாள். இன்றைக்கும் அந்தச் சாம்பல் கண்ணுக்குள் நிற்கிறது. மலரில் பத்துப் பக்கத்தையாவது இந்த வருடங்களுக்கு ஒதுக்குங்கள். குளக்கோட்டன் காத்திருப்பார், கரையான் காத்திருக்காது.

கேள்வி: ஒரு நிறுவனம் எங்கள் பழைய ஏடுகளைக் கேட்கிறது. கொடுக்கலாமா? (கிண்ணியா)

பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் பக்க எண்ணிக்கை எழுதி, கையொப்பம் வாங்குங்கள்.

கேள்வி: தொலைபேசியில் படம் எடுத்தால் போதுமா? (திரியாய்)

போதும், பிளாஷ் வேண்டாம். காலை வெளிச்சத்தில் பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து எடுங்கள். யாருடையது, எந்த ஊர், என்ன திகதி என்று அன்றைக்கே எழுதுங்கள். பிரதி இரண்டு வீட்டில் இருக்கட்டும். முதலில் படம், பிறகு மற்றதெல்லாம்.

கேள்வி: அம்மம்மாவுக்கு 88 வயது. பழைய கதைகளை எப்போது ஒலிப்பதிவு செய்யலாம்? (வெருகல்)

இந்தக் கிழமையே. பழைய கலியாணப் படம் ஒன்றைக் கொண்டுபோய், அதில் நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாகக் கேளுங்கள்.