டர்போ காருக்கு மாற்று ஃபியூயல் பம்ப்: 255 போதுமா, 450 வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். போர்ட் இன்ஜெக்‌ஷன், ரிட்டர்ன் லைன் உண்டு. பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர்கள் போட்டாகிவிட்டது. 1.5 பார் பூஸ்ட்டில் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்) 380 குதிரைத்திறன் எடுப்பது திட்டம். பம்ப் மட்டும் காரோடு வந்த பழையதுதான். 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் போனால் ஏர்-ஃபியூயல் அளவு (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது) 11.5-லிருந்து 12.8 வரை ஏறுகிறது. டியூனர் அதோடு வேலையை நிறுத்திவிட்டார். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் போதும் என்கிறார் ஒரு நண்பர். எதற்கு வம்பு, 450 போட்டுவிடு என்கிறார் இன்னொருவர். பின்னால் இ85-க்கு (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்) மாறும் எண்ணமும் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் டியூனர் செய்தது மிகச் சரி. முழு பூஸ்ட்டில் கலவை லீனாகும்போது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறையும்போது, சிலிண்டருக்குள் வெப்பம் ஏறும், நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) தொடங்கும், அடுத்து பிஸ்டன் போகும். இதற்குச் சில நொடிகளே போதும். பம்ப் விவகாரம் முடியும்வரை வேஸ்ட்கேட் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங் தரும் குறைந்த பூஸ்ட்டுக்கு மேல் ஓட்டாதீர்கள்.

பம்ப் வாங்குமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குறை உண்மையிலேயே பம்பில்தானா என்று பார்க்க வேண்டும். ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துத் தரும் குழாய்) ஒரு பிரஷர் சென்சார் மாட்டி, பூஸ்ட்டோடு சேர்த்து லாக் (பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் காரில் அடிப்படை அழுத்தம் 3 பார் என்று வைத்துக்கொள்வோம். ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பூஸ்ட்டுக்கு ஈடாக அதை உயர்த்தும் என்பதால், 1.5 பார் பூஸ்ட்டில் ரெயில் 4.5 பார் காட்ட வேண்டும். அந்த 4.5 கடைசிவரை அசையாமல் நின்றும் கலவை லீனானால், இன்ஜெக்டர்தான் எல்லையைத் தொட்டிருக்கிறது. டியூட்டி சைக்கிள் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பூஸ்ட் ஏறத் தொடங்கியதுமே ரெயில் அழுத்தம் 3 பாரிலேயே நின்றுவிட்டால், ரெகுலேட்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸ் கழன்றோ கிழிந்தோ இருக்கும். தொடக்கத்தில் சரியாக ஏறி, ஆர்பிஎம் கூடக் கூட அழுத்தம் தொய்ந்தால்தான் சந்தேகம் பம்ப் பக்கம் திரும்ப வேண்டும்.

நீங்கள் கொடுத்த அளவுகளிலிருந்தே ஒரு கணக்குப் போடலாம். 11.5 என்பது 12.8 ஆகிறது என்றால் சிலிண்டருக்குப் போகும் பெட்ரோல் சுமார் 10 சதவீதம் குறைகிறது. இன்ஜெக்டர் வழியாகப் பாயும் அளவு, அதன் இரு பக்க அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 சதவீதம் குறைய, 3 பார் வித்தியாசம் 2.4 பாராக இறங்கியிருக்க வேண்டும். அதாவது ரெயிலில் 4.5-க்குப் பதில் சுமார் 3.9 பார்தான் இருக்கும். லாக்கில் ஏறக்குறைய இந்த எண் வந்தால் சந்தேகமே வேண்டாம். (என்ஜினின் கணினியான இசியு, கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரைப் பார்த்துத் தானாகவே பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தால், உண்மையான சரிவு இதைவிட அதிகமாக இருக்கும்.)

அழுத்தம் தொய்கிறது என்று உறுதியான பிறகும் ஃபில்டரையும், பம்பின் அடியில் இருக்கும் வலைப்பையையும், பம்ப் முனையில் வோல்டேஜையும் சோதித்துவிடுங்கள். அடைத்துக்கொண்ட ஃபில்டரும் புதுப் பம்பும் சேர்ந்தால் கிடைப்பது அதே பழைய லீன் கலவைதான்.

இனி அளவு. டர்போ பெட்ரோல் என்ஜின் முழுச் சுமையில், ரிச் (பெட்ரோல் மிகுந்த) கலவையில், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 280 கிராம் பெட்ரோல் குடிக்கும். 380 குதிரைத்திறனுக்கு 106 கிலோ. பெட்ரோலின் அடர்த்தியை லிட்டருக்கு 0.74 கிலோ என்று கொண்டால் மணிக்கு 144 லிட்டர். குளிர்ந்த இரவில் என்ஜின் கூடுதலாகக் காற்றை இழுக்கும், பம்ப் நாளாக நாளாகத் தேயும். இதற்கெல்லாம் 25 சதவீதம் கையிருப்பு வைத்தால் 180 லிட்டர். இந்தக் கணக்கு என்ஜினின் கிராங்க்கில் கிடைக்கும் திறனுக்கு. உங்கள் 380 டைனோவில் (திறன் அளக்கும் கருவி) சக்கரத்தில் எடுக்கும் அளவு என்றால் அதற்கேற்ப 15 சதவீதமாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

180 லிட்டர்தானே, 255 தாராளம் என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பெட்டியில் போட்டிருக்கும் 255, 340 போன்ற எண்கள் வழக்கமாக 40 பிஎஸ்ஐ, அதாவது 2.8 பார் அளவிலான அழுத்தத்தில், 13.5 வோல்ட்டில் அளந்தவை. உங்கள் பம்ப் வேலை செய்யப்போவது 4.5 பாரில். பம்பிலிருந்து ரெயில் வரை லைனிலும் ஃபில்டரிலும் இழப்பதையும் சேர்த்தால் பம்ப் வாயில் அதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். அழுத்தம் ஏற ஏற எந்தப் பம்பும் தள்ளும் அளவு இறங்கும். ஆகவே பெட்டி எண்ணை மறந்துவிட்டு, தயாரிப்பாளர் வெளியிடும் ஃப்ளோ வரைபடத்தைக் கேளுங்கள். அதில் 70 பிஎஸ்ஐ (சுமார் 4.8 பார்) கோட்டில் உங்கள் காரின் வோல்டேஜுக்கு என்ன வருகிறது என்பதே நீங்கள் வாங்கும் பம்பின் உண்மையான அளவு. வரைபடம் தராத பம்பை நான் பரிந்துரைப்பதில்லை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

255 வகைப் பம்ப்கள் அந்த அழுத்தத்தில் 200 லிட்டரை ஒட்டித் தரும். பெட்ரோலுக்கு மட்டும் என்றால் போதும். ஆனால் வாங்கும்போது உயர் அழுத்த வகைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பம்புக்குள் ஒரு ரிலீஃப் வால்வு உண்டு. சாதாரண வகையில் அது முன்னதாகவே திறந்துகொள்ளும். நீங்கள் பூஸ்ட் கூட்டும் நேரத்தில் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே திரும்பிக் கொட்டும். வால்ப்ரோ 255 வரிசையில் ஜிஎஸ்எஸ்342 என்பது உயர் அழுத்த வகை.

இ85 வந்தால் கணக்கே மாறிவிடும். எத்தனால் கலவையில் அதே திறனுக்குச் சுமார் 35 முதல் 40 சதவீதம் கூடுதல் கன அளவு தேவைப்படும். 144 லிட்டர் 200 லிட்டராகிறது, கையிருப்போடு 250. 255 பம்ப் இங்கே தோற்றுவிடும். அளவு மட்டுமல்ல, எத்தனால் பம்பின் உள்ளே இருக்கும் பிரஷ், காமுடேட்டர், சீல் ஆகியவற்றையும் தாக்கும். இ85-க்கு என்று தயாரிப்பாளரே எழுத்தில் உறுதி தரும் பம்பையே எடுங்கள். ஒரே கம்பெனியில், ஒரே அளவில் இரண்டு வகையும் இருக்கும். ஏஇஎம் 340 பம்பில் 50-1000 என்பது பெட்ரோலுக்கு, 50-1200 என்பது இ85-க்கு. பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்காமல் வாங்கினால் மாறிப்போகும்.

அப்படியானால் 450-ஐயே போட்டால் என்ன? உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, ரிட்டர்ன் லைன் உள்ள காரில் பெரிய பம்ப் என்ஜினுக்குக் கூடுதலாக ஊற்றிவிடாது. தேவைக்கு மேல் உள்ளதை ரெகுலேட்டர் திருப்பி அனுப்பிவிடும். சிக்கல் அந்தத் திரும்பும் வழியில்தான். ஐடிலில் (கார் நின்றபடி என்ஜின் சும்மா ஓடும்போது) உங்கள் என்ஜின் குடிப்பது மணிக்கு ஒரு லிட்டர் அளவே. மீதி 400 லிட்டருக்கு மேல் கம்பெனி ரெகுலேட்டரின் சின்னத் துளை வழியாகவும் ஒல்லியான ரிட்டர்ன் குழாய் வழியாகவும் டேங்குக்குத் திரும்ப வேண்டும். அது முடியாதபோது ரெயில் அழுத்தம் ஐடிலில் இருக்க வேண்டிய அளவில் நிற்காமல் ஏறிக்கொள்ளும். ஐடில் கரடுமுரடாகும், குறைந்த வேகத்தில் ரிச்சாக ஓடும், டியூனர் எவ்வளவு போராடினாலும் கீழ்ப்பகுதி சரிவராது. இது தவிர, அந்தப் பம்ப் 15 ஆம்பியர் இழுத்தால் 13.5 வோல்ட்டில் 200 வாட். அதில் பெரும்பகுதி பெட்ரோலைச் சூடாக்குவதிலேயே போகிறது. டேங்க் கால்வாசி இருக்கும்போது போக்குவரத்தில் நின்றால் பெட்ரோல் கொதித்து ஆவிக்குமிழி கட்டும் அளவுக்குக்கூடப் போகலாம். 600 குதிரைத்திறன் திட்டமென்றால் 450-ஐயும் பெரிய ரெகுலேட்டரையும் தடித்த ரிட்டர்ன் லைனையும் சேர்த்துப் போடலாம். உங்களுக்கு அது தேவையில்லை.

என் தேர்வு: இ85-க்கு ஏற்ற, 340 வகை, டேங்குக்குள் மூழ்கி வேலை செய்யும் பம்ப். 4.5 பாரில் 250 லிட்டருக்கு மேல் வரும். டர்பைன் வகையாக இருந்தால் சத்தமும் குறைவு. பழைய பாஷ் 044-க்கு இன்றும் ரசிகர்கள் உண்டு, நல்ல பம்ப்தான். ஆனால் அது டேங்குக்கு வெளியே மாட்டும் வகை. தனக்குத் தானாகப் பெட்ரோலை உறிஞ்சத் திணறும் என்பதால், அதற்குக் கீழ்மட்டத்திலிருந்தோ இன்னொரு பம்பிலிருந்தோ ஊட்ட வேண்டும். உங்கள் காருக்கு அவ்வளவு வேலை வீண்.

இப்போது ஒயரிங். பம்புக்குச் செலவிடும் அக்கறையில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கம்பெனி ஒயர் சின்னப் பம்புக்காகப் போட்டது. பழைய கனெக்டர், ரிலே, எர்த் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தாலே 15 ஆம்பியரில் 1.5 வோல்ட் போய்விடும். 13.5-க்குப் பதில் 12 வோல்ட் கிடைக்கும் பம்ப் சுமார் ஆறில் ஒரு பங்கு ஓட்டத்தை இழக்கும், அழுத்தம் அதிகமானால் அதற்கும் மேல். 340 வாங்கி 255-ஐ ஓட்டுவதற்கு ஒப்பானது இது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், பம்புக்கு அருகே ஒரு ரிலே, பெயிண்ட் சுரண்டிய இடத்தில் தடித்த எர்த். ரிலேயை இயக்க மட்டும் பழைய பம்ப் ஒயரைப் பயன்படுத்துங்கள். இக்னிஷனிலிருந்து நேராக இழுக்க வேண்டாம். விபத்தில் என்ஜின் நின்றதும் பம்பும் நிற்க வேண்டும்; அந்தக் கட்டுப்பாடு இசியுவிடமே இருக்கட்டும். டேங்க் மூடியில் உள்ள கனெக்டரின் பின்களையும் பாருங்கள், பெரிய பம்ப் போட்ட பல கார்களில் உருகுவது அங்கேதான்.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வால்ப்ரோ 255-க்கும் பாஷ் 044-க்கும் போலிகள் சந்தையில் ஏராளம். பெட்டி, ஸ்டிக்கர், பொறித்த எண் எல்லாமே அச்சு அசலாக இருக்கும். ஐடிலில் வித்தியாசமே தெரியாது. தெரியவரும் இடம் முழு பூஸ்ட், அதற்குள் பிஸ்டன் போயிருக்கும். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரைத் தவிர வேறு எவரிடமும் வாங்காதீர்கள். பாதி விலை என்பதே போதுமான எச்சரிக்கை.

மாட்டும்போது பம்புக்கும் மேல்மூடிக்கும் இடையே உள்ள சின்ன ஹோஸை அலட்சியப்படுத்தாதீர்கள். சாதாரண ஃபியூயல் ஹோஸ் உள்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும். டேங்குக்குள் மூழ்கிக் கிடப்பதற்கு எஸ்ஏஇ 30ஆர்10 தரத்தில் உள்ள ஹோஸ் தேவை. இல்லையென்றால் அது ஊறி விரிந்து பிளக்கும், பம்ப் தள்ளுவதெல்லாம் டேங்குக்குள்ளேயே பீச்சும். வேலைக்கு முன் ஃபியூயல் லைன் அழுத்தத்தை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, திறந்த வெளியில் தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். பாதி காலியான டேங்கில் தேங்கும் பெட்ரோல் ஆவி, முழுக்கப் பெட்ரோல் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது.

இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. ரிட்டர்ன் இல்லாத காரில் பம்பின் வேகத்தை ஒரு கன்ட்ரோலர் மாற்றிக்கொண்டிருக்கும். புதுப் பம்ப் அந்தக் கன்ட்ரோலரோடு ஒத்துப்போகுமா, அதன் ஆம்பியரைக் கன்ட்ரோலர் தாங்குமா என்று தெரியாமல் வாங்கக் கூடாது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காரில் டேங்கில் இருப்பது முதல் பம்ப் மட்டுமே. 200 பார், 350 பார் தருவது என்ஜினில் உள்ள கேம் ஓட்டும் பம்ப். டேங்க் பம்ப் தரும் அழுத்தம் நிலையாக இருந்து என்ஜின் பம்பின் அழுத்தம் விழுந்தால் டேங்க் பம்பை மாற்றிப் பயனில்லை.

புதுப் பம்ப் போட்டதும் முதலில் ஐடிலில் வேக்கம் ஹோஸைக் கழற்றி, ரெயில் சரியாக 3 பார் காட்டுகிறதா என்று பாருங்கள். அதைவிட அதிகம் காட்டினால் ரெகுலேட்டரோ ரிட்டர்னோ திணறுகிறது. அதைச் சரிசெய்யாமல் டியூனிங்கைத் தொடராதீர்கள். பிறகு டைனோவில் 0.5, 1, 1.5 பார் என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ரெயில் அழுத்தத்திலிருந்து பூஸ்ட்டைக் கழித்தால் 3 பார் வருகிறதா என்று லாக்கில் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி ஓட்டத்தை டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போதும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.