ட்ரவுட் பிடிக்க மண்புழு போதுமா?

இங்கிலாந்தின் டெர்பிஷையரில் முதல் வசந்தம், வீட்டுக்குப் பின்னால் டெர்வென்ட் ஆறு, அதில் ட்ரவுட் என்ற நன்னீர் மீன் துள்ளுவது தெரிகிறது, ஊரில் போல மண்புழு கோத்துத் தூண்டில் போடலாமா, குழம்பு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூண்டில் போடலாம் தம்பி. ஆனால் நேராகப் போய் உட்கார்ந்துவிட முடியாது.

நீங்கள் திருவாரூர், நான் பாபநாசம். விடுமுறைக்கு வந்து ஊரிலிருந்துதான் இதை எழுதுகிறேன். குடமுருட்டியில் இப்போது வெறும் மணல், பசங்கள் நடு ஆற்றில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகுதான் நமக்குக் கெண்டையும் கெளுத்தியும். அங்கே ட்ரவுட்டுக்கு இதுதான் பருவம். மற்ற ஆற்று மீன்கள் பெரும்பாலானவற்றைப் பிடிக்க மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடை, அதையும் நினைவில் வையுங்கள்.

இங்கிலாந்தில் 13 வயதானாலே தூண்டில் உரிமம் வேண்டும். அரசு இணையதளத்தில் எடுத்துவிடலாம். இல்லாமல் மாட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம். உரிமம் இருந்தாலும் எல்லாக் கரையிலும் நிற்க முடியாது. மீன்பிடிக்கும் உரிமை பெரும்பாலும் கரை நிலத்துக்காரருக்கோ குத்தகைக்கு எடுத்த சங்கத்துக்கோ உரியது. நம் ஊர்க்குளத்து மீன்பாசி ஏலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் ஒருநாள் சீட்டு கிடைக்கும். என்னைக் கேட்டால் சங்கத்திலேயே சேர்ந்துவிடுங்கள். சந்தா கொஞ்சம் கடிக்கும்தான். ஆனால் கரை சீர்செய்யும் நாட்களில் கூட நின்றால் நாலு பேர் பழக்கமாவார்கள். அலுவலகத்தில் மழையைப் பற்றி மட்டுமே பேசுகிற ஆட்கள், ஆற்றங்கரையில் டீ ஊற்றிக் கொடுத்து எந்த மடுவில் மீன் நிற்கும் என்று காட்டுவார்கள்.

மண்புழுவை மறந்துவிடுங்கள். பல ட்ரவுட் ஆறுகளில் ஃப்ளை மட்டும்தான், அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி. அதற்கு எடையே கிடையாது, கனமான நூல்தான் அதைக் கொண்டுபோய்ப் போடும். தக்கையைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வீச்சு கைவர நாளாகும், யாரிடமாவது கற்றுக்கொள்வது நல்லது. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். அதனால் கீழேயிருந்து, அதன் முதுகுப் பக்கமாக நெருங்க வேண்டும். ஏப்ரலில் தண்ணீர் விறைக்கும், விடியற்காலையில் போய்ப் பயனில்லை. வெயில் ஏறிய பிறகுதான் ட்ரவுட் தின்னும் பூச்சி கிளம்பும். மே பாதிக்கு மேல் மேஃப்ளை என்ற ஆற்றுப்பூச்சி பறக்கும் நாட்களில் லீவு கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் குழம்பு. பிடித்ததைத் திரும்ப விடச் சொல்லும் சங்கங்கள் நிறைய, விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழம்புக்குக் கடையில் வளர்ப்பு ட்ரவுட் கிடைக்கும். சதை மென்மை, கொதி வந்த பிறகு போட்டுச் சீக்கிரம் இறக்கிவிடுங்கள், கரண்டியால் கிளற வேண்டாம்.