மாமா எழுதித் தரும் வாடகை ஒப்பந்தம்

கேள்வி: எனக்கு வயது 36. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா ஆரம்பித்த டைல்ஸ் கடையை இப்போது நான் நடத்துகிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். பிஎம்டபிள்யூ எம்4 காம்பெட்டிஷன் வாங்க ரொம்ப நாள் ஆசை. ஷோரூம் விலை சுமார் ஒன்றரைக் கோடி. அதில் பாதிக்கு, 75 லட்சம் சொச்சத்துக்கு, பிஎம்டபிள்யூவிலேயே எம்340ஐ கிடைக்கிறதே என்கிறார்கள் நண்பர்கள். ஒரு கோடி லோன் போடுவேன். ரோடு டாக்ஸ் பிரச்சினை இல்லை, புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் அக்கா வீட்டு முகவரியில் பதிவு செய்துகொள்ளலாம். மாமா அரசுப் பள்ளி ஆசிரியர், வாடகை ஒப்பந்தம் எழுதித் தந்துவிடுவார். உச்ச மாடலுக்கு அந்தக் கூடுதல் பணம் தகுமா?
– பெயர் வெளியிட வேண்டாம், கடலூர்

பதில்: கார் அப்புறம். ‘மாமா எழுதித் தந்துவிடுவார்’ என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அவரிடம் கேட்டாயிற்றா? கேட்டிருந்தால் ‘சம்மதித்துவிட்டார்’ என்று எழுதியிருப்பீர்கள். மச்சினன் கேட்டால் மறுக்க மாட்டார் என்ற தைரியம்தான் அந்த வரியில் இருக்கிறது.

வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அந்த மாநிலத்து ஆர்டிஓவில்தான் பதிவு செய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 40-ஆவது பிரிவு. வெளி மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 47-ஆவது பிரிவு. உங்கள் கார் ராத்திரி நிற்கப்போவது மஞ்சக்குப்பத்தில். குடியிருக்காத வீட்டில் குடியிருப்பதாக எழுதிய தாளில் கையெழுத்துப் போடப்போவது ஓர் அரசு ஊழியர். இதே போலி வாடகை ஒப்பந்த விஷயத்தில் 2017-ல் கேரளத்தில் பிரபலங்கள் மீதே வழக்குப் பதிவானது. உங்களுக்கு அபராதத்தோடு போகலாம், மாமாவுக்குத் துறை நடவடிக்கை வரை போகலாம். சம்மன் வந்தாலும் அந்த முகவரிக்குத்தான் வரும், கதவைத் திறந்து வாங்கப்போவது அக்கா. கட்டிக்கொடுத்த வீட்டுக்குத் தம்பி சீர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நோட்டீஸ் அனுப்பி வைக்கக் கூடாது.

பெட்ரோல் விலை குறைவு என்று புதுச்சேரி எல்லையில் முள்ளோடை தாண்டிப் போய் ஃபுல் டேங்க் அடித்து வருவது வேறு, அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

இன்னொன்றும் அந்த வரியில் தெரிகிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். எம்4-க்கு 30 லட்சம், எம்340ஐ-க்கு 15 லட்சம். அந்த 30 லட்சம் உங்களிடம் இல்லை, அதனால்தான் ரெட்டியார்பாளையம் ஞாபகம் வந்திருக்கிறது. சொந்த ஊர் வரியைக் கட்ட முடியாத காரை வாங்க வசதி இல்லை என்றுதான் அர்த்தம். கணக்கு அவ்வளவே.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டுமே 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 8 கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். எம்340ஐ 374 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 4.4 நொடி. எம்4 காம்பெட்டிஷன் 530 குதிரைத்திறன், 3.5 நொடி. வித்தியாசம் 0.9 நொடி. தமிழ்நாட்டு வரியைச் சேர்த்தால் விலை வித்தியாசம் 90 லட்சம். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குப் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பெரும்பகுதி காருக்குள்ளேயே இல்லை. எம்340ஐ செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி தொழிற்சாலையில் பூட்டி முடிக்கப்படுகிற கார். எம்4 முழுசாகக் கப்பலில் வந்து இறங்குகிறது, அதன் இறக்குமதிச் சுங்கம் மட்டும் 100 சதவீதத்தைத் தாண்டும்.

காருக்குள் கிடைப்பது என்ன? சூட்டைத் தாங்கும் சக்தி. உச்ச மாடல் வாங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இது புரிவதில்லை, முதல் சீறலுக்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள். முதல் சீறலில் எம்340ஐ ஒன்றும் சளைத்ததில்லை. பந்தயத் தடத்தில் பத்தாவது சுற்று ஓடும்போதுதான் எம்4 எதற்கென்று தெரியும். அதன் இன்ஜின் பிளாக்கில் சிலிண்டர்களைச் சுற்றி மேல்பக்கம் மூடி வார்த்திருப்பார்கள், அதிக அழுத்தத்தில் சுவர் அசையாது. பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட், உலோகத்தை அடித்து உருவாக்கியது. கூடுதல் ரேடியேட்டர்கள் உண்டு. கடுமையான வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கினாலும் பம்ப் காற்றை உறிஞ்சாதபடி ஆயில் சம்ப், அதாவது ஆயில் தேங்கும் தொட்டி, அமைந்திருக்கிறது. முன் பிரேக்கில் 380 மில்லிமீட்டர் டிஸ்க், பேடை அதன்மேல் அழுத்த ஆறு பிஸ்டன். எம்340ஐ-யில் 348, நான்கு பிஸ்டன்.

பிரேக்குக்கு இத்தனை மெனக்கெடல் ஏன் என்றால், 200 கிலோமீட்டரிலிருந்து நிறுத்தும்போது பிறக்கிற சூடு 100-லிருந்து நிறுத்துவதைப் போல நான்கு மடங்கு. சுற்றுக்குச் சுற்று அது டிஸ்க்கில் ஏறி, பேடு வழியாக பிரேக் ஃப்ளூயிடுக்குப் போகிறது. ஃப்ளூயிட் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், கார் நிற்காது. டாட் 4 ரக ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் இழுத்த பிறகு அது 155-க்கு இறங்கலாம். கடற்கரை ஊரில் எந்தக் கார் வைத்திருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஃப்ளூயிடை மாற்றிவிடுங்கள்.

கடலூரிலிருந்து நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலையில் 100-ஐத் தாண்டினாலே விதிமீறல்தான். அந்த 380 மில்லிமீட்டர் டிஸ்க் அங்கே சூடாகக்கூட ஆகாது. வீட்டில் சும்மா நிற்கிற நாளில் உப்புக் காற்றில் அதன் முகம் செம்பழுப்பாகத் துரு பூத்திருக்கும். ஓட்டினால் தேய்ந்து போகும்தான், ஆனால் வாரக்கணக்கில் நின்றால் குழி விழும். பேட்டரியும் உட்கார்ந்துவிடும், சார்ஜரில் போட்டு வைக்க வேண்டும். டயர் முன்னே 275/35 ஆர்19, பின்னே 285/30 ஆர்20. முன்னதைப் பின்னே மாற்றிப் போட முடியாது. பின் டயரின் பக்கச்சுவர் எட்டரை சென்டிமீட்டர்தான், ஸ்டெப்னி கிடையாது. மழையில் தண்ணீர் மூடிய பள்ளத்தில் பக்கச்சுவர் கிழிந்தால் உள்ளே இருக்கிற பஞ்சர் கிட் எதற்கும் உதவாது, காரை ஏற்றிப் போகும் ஃப்ளாட்பெட் லாரிதான்.

வெள்ளம் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2024-ல் ஃபெஞ்சல் வந்தபோது தென்பெண்ணையைப் பார்த்தவர்தானே. தாழ்ந்த கார் எதை வாங்கினாலும் பாலிசியில் இன்ஜின் புரொடெக்ஷன் சேருங்கள். அது இல்லாமல், தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். அந்த நேரத்தில் பாலிசியில் இருக்கிற முகவரியும் பொய் என்று தெரிந்தால் கம்பெனிக்கு இன்னும் வசதியாகப் போய்விடும்.

லோன் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? ஒரு கோடி, 9 சதவீதம், ஏழு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 1,61,000 ரூபாய், வட்டி மட்டும் 35 லட்சம். இன்ஷூரன்ஸ்காரர்களின் வழக்கமான தேய்மானக் கணக்கில் இரண்டு வருடம் முடிந்ததும் காரின் மதிப்பில் 30 சதவீதம், நான்கு வருடம் முடிந்ததும் 50 சதவீதம் போய்விடும். நான்கு வருடம் கழித்துக் கடை படுத்தால் காரை விற்றுக் கடனை அடைத்தாலும், அதுவரை கட்டிய பணத்தில் பெரும்பகுதி போனது போனதுதான். அப்பா அந்தக் கடையை உங்கள் பெயருக்கு விட்டுப் போனது அதை வைத்துக் குடும்பம் நடக்கட்டும் என்றுதான்.

எம்4-க்குக் கதவு இரண்டே இரண்டு. முன் சீட்டைச் சாய்த்து, குனிந்து, காலை மடக்கித்தான் பின்னால் ஏற முடியும். பின்னால் சீட்டும் இரண்டே இரண்டுதான். அம்மாவைத் திருவந்திபுரம் கோயிலுக்குக் கூட்டிப் போகும் நாளில் அவரை முன்னால் உட்கார வைத்துவிட்டால், மனைவி, இரண்டு பிள்ளைகளில் ஒருவர் வீட்டிலேயே இருந்தாக வேண்டும். இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

எம்340ஐ வாங்குங்கள், அதுவும் முன்பணம் பாதிக்கு மேல் கையில் இருந்தால். கொட்டேஷனைக் கடலூரின் டிஎன்-31 பதிவுக்குப் போடச் சொல்லி, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த தொகையைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பில்லில் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடித்திருப்பார்கள். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நிஜமாகவே வேகப் பைத்தியம் என்றால் அதற்கு இடம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கிற டிராக் டே அங்கே நடத்துகிறார்கள். ஸ்கோடா ஸ்லாவியா 1.5, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி மாதிரி 150 குதிரைத்திறன் வண்டியே அங்கே போதும். நல்ல பேடு, அதிகக் கொதிநிலை உள்ள ஃப்ளூயிட், தரமான டயர் போட்டுக்கொண்டு போங்கள். நான்கு சுற்று விரட்டி ஓட்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆற விடுங்கள், நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள். ஒரு வருடம் விடாமல் போய் வந்து, அப்புறமும் பிரேக் போதவில்லை என்று தோன்றினால் செகண்ட் ஹேண்ட் எம்4 ஒன்றைத் தேடலாம். அதுவும் வெளி மாநில வண்டி என்றால் டிஎன்-31 நம்பருக்கு மாற்றி.