ஊற்று ஓடையில் மீன்குஞ்சு விடாமல் கல்லும் கட்டையும் போடுவது ஏன்?

கேள்வி: சால்மன், ட்ரௌட் மீன்கள் குறைந்துபோன ஊற்று ஓடைகளில் குஞ்சுகளை வாங்கி விட்டால் போதாதா? ஆண்டுக்கணக்கில் கல்லும் கட்டையும் போட்டுச் சீரமைக்கிறார்களே, அதனால் என்ன பயன்?

அப்படிக் கல்லும் கட்டையும் போடுகிறவர்களில் நானும் ஒருவன். இங்கிலாந்தில் வின்செஸ்டர் அருகே குடியிருக்கிறேன். இட்சன் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு சிற்றோடையில், ஆறு கோடைகளாகச் சனிக்கிழமைதோறும் தன்னார்வலர்களோடு இறங்கி வேலை செய்கிறேன்.

முதல் நாள் அந்த ஓடையைப் பார்த்து மயங்கிப் போனேன். அகலமாக, கண்ணாடி மாதிரி, சத்தமே இல்லாமல் நழுவிக்கொண்டிருந்தது. "எவ்வளவு அழகு!" என்றேன். எங்களை வழிநடத்திய முதியவர், "குதிகாலால் அடியைக் கிளறிப் பாருங்கள்" என்றார். கிளறினேன். சாம்பல் நிறத்தில் ஒரு புகைமண்டலம் கிளம்பி, முழங்காலைச் சுற்றிப் பரவிக் கீழே போனது. அடியில் இருந்த கூழாங்கற்கள் சிமெண்டு போட்டுப் பூசியதுபோல் இறுகிக் கிடந்தன. கடப்பாரை கேட்டது அந்தத் தரை.

பிறந்தது திருவையாறு பக்கம் என்பதால் எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: தூர் வாரினால் என்ன? சொல்லியும் விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஓடையின் நோயே தூர் வாரியதால் வந்ததுதான்.

இந்தப் பக்கத்து நிலம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. குளிர்கால மழை அதற்குள் இறங்கித் தங்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஊற்றாக வெளிவருகிறது. கோடையானாலும் பனிக்காலமானாலும் ஊற்றுக்கண்ணில் தண்ணீரின் வெப்பம் ஏறக்குறைய 10, 11 டிகிரிதான். ட்ரௌட்டுக்கு இதைவிடச் சொர்க்கம் கிடையாது. உலகில் இத்தகைய ஓடைகளில் சுமார் 85 சதவீதம் இங்கிலாந்தில்தான் இருப்பதாகக் கணக்கு.

ஆனால் இந்தச் சாதுவான குணத்திலேயே ஒரு பலவீனமும் உண்டு. நம் காவிரி வெள்ளம் வந்தால் தன் படுகையைத் தானே புரட்டிப் போட்டுக்கொள்ளும். இந்த ஓடைக்கு அந்த முரட்டுத்தனம் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயல்களில் நீர் வடிய வேண்டுமென்று இயந்திரம் வைத்துக் கூழாங்கல்லை அள்ளிக் கரையில் கொட்டினார்கள். மாடுகள் கரையை மிதித்து மிதித்து ஓடையை மேலும் அகலமாக்கின. அகலமானதும் ஓட்டம் தளர்ந்தது, வண்டல் படிந்தது. அள்ளிய கல்லை மீண்டும் கொண்டுவந்து போடும் வேகம் இந்தத் தண்ணீருக்கு இல்லை. அதனால்தான் எழுபது ஆண்டுகள் கழித்து நாங்கள் கொண்டுபோய்ப் போடுகிறோம்.

கல் ஏன் முக்கியம்? பனிக்காலத்தில் பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் அடித்து அடித்துச் சரளையில் குழி பறிக்கும். முட்டையிட்டதும் நீரோட்டத்தை எதிர்த்துச் சற்று முன்னே போய் மறுபடி வாலை அடித்து, அந்தக் கற்களாலேயே குழியை மூடிவிடும். முட்டைகள் வாரக்கணக்கில் கற்களுக்கு இடையே கிடக்க வேண்டும். கல்லிடுக்கில் தண்ணீர் ஓடினால்தான் அவற்றுக்கு மூச்சு. வண்டல் அடைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அப்படிப்பட்ட ஓடையில் நீங்கள் ஆயிரம் குஞ்சு விட்டாலும் அவற்றுக்குப் பிள்ளை பிறக்காது. தவிர, இங்கே 2015 முதல் ஆறுகளில் விடும் பழுப்பு ட்ரௌட் மலடாக்கப்பட்டதாக இருக்க வேண்டும், அல்லது உள்ளூர்த் தாய்மீனிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும். பண்ணை மீன் காட்டு மீனோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த விதி.

ஆக, செய்ய வேண்டியது ஓடையை ஒடுக்குவது. ஓடைக்குள் மரக்கழிகளை அடித்து இறக்கி, அவற்றுக்கிடையே விறகுக் கட்டுகளை அமுக்கிக் கம்பியால் பிணைக்கிறோம். எங்கள் ஊரில் கரை உடைப்பை அடைக்கும்போது பார்த்த வேலைதான். ஊரில் வேடிக்கை பார்த்ததோடு சரி, கையில் கொப்புளம் வந்தது இங்கேதான். பாதி அகலம் அடைபட்டதும் மீதியில் தண்ணீர் துள்ளிக்கொண்டு ஓடும். அந்த வேகமே வண்டலைக் கழுவிவிடும். மாடு இறங்காமல் வேலி போடுகிறோம், சிக்கிமுக்கிக் கல் சரளையைக் கொட்டிப் பரப்புகிறோம். அடுத்த கோடையிலேயே நீர்ப்பூண்டு வேர்பிடித்து வெள்ளைப் பூ பூத்தது.

முதல் ஆண்டில் ஒரு தவறு செய்தோம். ஓட்டம் தடைபடாமல் இருக்கட்டும் என்று கரையிலிருந்து ஓடைக்குள் நீளும் ஒரு கட்டையை, தண்ணீர் போகும் திசையில் சாய்த்துப் போட்டோம். கட்டையைத் தாண்டி வழியும் தண்ணீர் அதன் நீளத்துக்குச் செங்குத்தாகத்தான் பாயும் என்பது அப்போது உறைக்கவில்லை. குளிர்காலத்தில் நீர் ஏறியதும் அது நேராகக் கரையைப் போய்க் குடைந்து, பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் இரண்டு அடியைத் தின்றுவிட்டது. நிலத்துக்காரர் பேசியதை இங்கே எழுத முடியாது. இப்போது எல்லாக் கட்டையும் தண்ணீர் வரும் திசையை நோக்கித்தான். வழியும் தண்ணீர் ஓடையின் நடுவுக்கே போகிறது.

இவ்வளவும் செய்தாலும், சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் அளவுக்கு மீறி உறிஞ்சினால் ஒன்றுமில்லை. கல் இருக்கும், கட்டை இருக்கும், தண்ணீர் இருக்காது.

போன டிசம்பரில் கரையோரமாக நடந்தபோது, நாங்கள் பரப்பிய சரளையில் ஒரு பாய் அளவுக்குப் பளிச்சென்று வெளுத்த திட்டு ஒன்று தெரிந்தது. பாசி படிந்த கற்கள் புரட்டப்பட்டு, வெளுத்த பக்கம் மேலே வந்திருந்தது. ட்ரௌட்டின் முட்டைக் குழி. அந்தத் துண்டில் மட்டும் ஏழு எண்ணினோம். வசந்தம் முடியும்வரை யாரும் அங்கே கால் வைக்கவில்லை.

சால்மன் இன்னும் எங்கள் ஓடைக்கு வரவில்லை. பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனே 2023-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது. கடலிலிருந்து ஏறிவரும் கொஞ்சமும் இட்சனோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் ஓடை ஆற்றைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே பழைய மாவு ஆலையின் மதகு ஒன்று குறுக்கே நிற்கிறது. அதைத் திறக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம்.