பண்ணைப் பங்கில் சேரலாமா?

கேள்வி: எங்களுக்கு 5 வயதிலும் 2 வயதிலும் குழந்தைகள். பருவம் முழுவதற்கும் முன்பணம் கட்டினால், ஒரு பண்ணை வாராவாரம் ஒரு பெட்டி காய்கறி தருகிறது. குழந்தைகளுக்கு நல்லது என்று சேர ஆசைப்படுகிறேன். ஒரே தடவையில் இவ்வளவு பணமா என்று கணவர் தயங்குகிறார். என்ன செய்யலாம்?

பதில்: சேருங்கள். ஆனால் முதல் பருவத்துக்கு அரைப் பங்கு, அதாவது வாராவாரம் பாதிப் பெட்டி, போதும். அரைப் பங்கு இல்லையென்றால், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் தயக்கம் நியாயமானது. விதைக்கும் முன்பே கையில் பணம் வருவதால் விவசாயி கடன் வாங்காமல் பருவத்தைத் தொடங்குகிறார். ஜப்பானில் 1970களில் ‘தெய்கெய்’ என்று பரவியதும், அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகளில் தொடங்கியதும் இதே ஏற்பாடுதான். எனக்கு இதில் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் விளைச்சல் குறைந்தால் உங்கள் பெட்டியும் சிறுக்கும். பணம் பெரும்பாலும் திரும்பாது. அதனால் இதை முதலீடாக நினைக்காமல் சமையலறைச் செலவில் எழுதுங்கள்.

மொத்தத் தொகையை வாரங்களால் வகுத்து, கடந்த மூன்று மாதங்களில் காய்கறிக்கு உண்மையில் செலவழித்ததோடு ஒப்பிடுங்கள். பெட்டி வந்தாலும் கடைக்குப் போகத்தான் செய்வீர்கள், அதையும் கூட்டுங்கள். அப்புறம், வீணாவது. பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு அழுகினால், சாப்பிட்ட காய்கறிக்கு ஒன்றரை மடங்கு விலை கொடுத்ததாக ஆகும். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே அந்த வாரச் சமையல் மாறிவிடும் இல்லையா? அரைப் பங்கு என்று நான் சொல்வது இதனால்தான்.

குழந்தைகள் முதலில் ஒதுக்கினால் பணம் போச்சே என்று பதறாதீர்கள். ஒரு புதிய காயைச் சின்னக் குழந்தை ஏற்க 8 முதல் 15 முறை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரே காய் பல வாரம் தொடர்ந்து வருவது இந்த விஷயத்தில் உங்களுக்குச் சாதகம்.

அவசரகால நிதியைத் தொடாதீர்கள், கிரெடிட் கார்டில் வட்டியும் கட்டாதீர்கள். தவணை கேளுங்கள், பல பண்ணைகள் தருகின்றன. களை பறித்துக் கொடுத்தால் கட்டணம் குறையும் என்பார்கள். 2 வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு இப்போதைக்கு அது வேண்டாம்.

வெளியூர் போகும் வாரத்துப் பெட்டியை வேறு வாரத்துக்கு மாற்றலாமா, பாதியில் பங்கை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போன பருவத்தில் எந்த வாரம் என்ன கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். இருவரும் உட்கார்ந்து, அதில் உங்கள் வீட்டில் முழுதாகச் சமைத்திருக்கக்கூடிய வாரங்களைக் குறியுங்கள். பாதிகூடத் தேறவில்லை என்றால், குழந்தைகள் இன்னும் கொஞ்சம் வளரட்டும். அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம்.