சட்டம் இருந்தும் ஊதிய இடைவெளி ஏன் போகவில்லை?

"சம வேலைக்குச் சம ஊதியம் என்று பல நாடுகளில் சட்டம் வந்து ஐம்பது, அறுபது வருடம் ஆகிறது. பிறகும் பெண்களுக்கு ஏன் குறைவாகக் கொடுக்கிறார்கள்? எந்த மாதிரிச் சட்டம் பலன் தரும்?" என்பது கேள்வி.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், பிரிண்டரில் என் தாளை எடுக்கப் போனேன். மேலே வேறொருவருடைய சம்பளச் சீட்டு கிடந்தது. என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவர், அதே பதவி, பக்கத்து மேசை. 'அடிப்படை ஊதியம்' என்ற வரி கண்ணில் பட்டுவிட்டது. என்னுடையதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். சம்பளத்தைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அன்றைக்கும் சட்டம் என் பக்கம்தான். ஆனால் அந்தத் தாள் அங்கே கிடந்திராவிட்டால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. பழைய சட்டங்களின் ஓட்டை இதுதான்: பாகுபாட்டைத் தடை செய்தன, அதைக் கண்டுபிடித்து நிரூபிக்கும் சுமையைப் பாதிக்கப்பட்டவள் தலையிலேயே வைத்தன.

அமெரிக்காவில் 1963லேயே சம ஊதியச் சட்டம் வந்தது. லில்லி லெட்பெட்டர் ஒரு டயர் ஆலையில் பத்தொன்பது வருடம் உழைத்தவர். பெயரில்லாத ஒரு துண்டுச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது: அவருக்கு மாதம் 3,727 டாலர், அதே வேலை பார்த்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஊதியத்தை முடிவு செய்த 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று 2007ல் தள்ளிவிட்டார்கள். தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் கொடுப்பது? 2009ல் அவர் பெயரிலேயே சட்டம் வந்து அந்தக் கெடுவை மாற்றியது.

எனக்குப் பிடித்தது ஐஸ்லாந்தின் வழி. 2018 முதல் அங்கே 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில், சமமாகக் கொடுக்கிறோம் என்று நிர்வாகம்தான் நிரூபித்துச் சான்று வாங்க வேண்டும். பிரிட்டனில் 2017 முதல் 250 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் ஆண், பெண் ஊதிய இடைவெளியை வெளியிட்டாக வேண்டும். நல்லதுதான், ஆனால் சரிசெய்யக் கட்டாயம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த விதியில், "முன்பு எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று வேலைக்கு வருபவரிடம் கேட்கவே கூடாது என்று இருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. என்னிடம் அடுத்த இடத்தில் முதலில் கேட்டது அதைத்தான். அந்தக் குறைந்த தொகையைச் சொன்னேன், அதன் மேல் பத்து சதவீதம் போட்டுக் கொடுத்தார்கள். ஓரிடத்தில் நடந்த அநியாயம் அப்படியே அடுத்த இடத்துக்கும் என்னோடு வந்தது.

இன்னொன்று, பெண்களே நிறைந்திருக்கும் வேலைகள். அங்கே ஒப்பிட ஆணே இல்லாதபோது 'சம வேலை' என்ற சொல் உதவாது. 'சம மதிப்புள்ள வேலை' என்று இருக்க வேண்டும். 1951ன் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. நியூசிலாந்தில் முதியோர் இல்லப் பணியாளர் கிறிஸ்டின் பார்ட்லெட் இதை வைத்தே போராடினார். 2017ல் சுமார் 55,000 பராமரிப்புப் பணியாளர்களுக்கு ஊதியம் உயர்ந்தது. அதே நாடு 2025ல் அவசரமாகச் சட்டத்தைத் திருத்தி, நிலுவையில் இருந்த 33 கோரிக்கைகளை ரத்து செய்துவிட்டது. கோரிக்கை வைத்தவர்கள் எல்லாரும் இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் முன்பைவிடக் கடினமான நிபந்தனைகளோடு.